முதல் கொள்முதல் பிரயாணம்: நகரை எண்ணுவதா, நாளை எண்ணுவதா?

(வர்த்தகப் பாடம்)

கடல் கடந்து வாணிகம் செய்த பரம்பரையில் வந்தவர்கள் நாம். எனினும், இந்நாட்டிலேயே பிறந்து இங்கேயே கடை நடத்திவரும் நம் சகோதரர்களில் பலருக்கு வெளிநாட்டுப் பிரயாணம் என்றால் ஒன்று ஊருக்குப் போய் வருவது. மற்றொன்று ஹஜ், உம்ராவுக்குப் போய் வருவது. இவ்விரண்டிலும் நம்மை அழைத்துச் செல்ல ஒருவர் இருப்பார். அல்லது அங்கே எதிர்பார்த்து நிற்க உறவினர் இருப்பர். தாமே திட்டமிட்டு, பல நகரங்களுக்குச் சென்று சரக்குப் பிடித்து வரும் பிரயாணம் முற்றிலும் வேறு வகையானது. அதைப் பற்றியதே இப்பாடம்.

சீன தேசத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 2024 பிப்ரவரி 9 முதல் சிங்கப்பூர்ப் பிரஜைகளும், 2025 ஜூலை 17 முதல் அமலுக்கு வந்த உடன்படிக்கையின்படி மலேசியப் பிரஜைகளும், ஒரு தடவைக்கு 30 நாள் வரை விசா இல்லாமல் அங்கே தங்கி வரலாம். விமானம் நாலு மணி நேரம். கடிகாரத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை; அங்கும் இங்கும் ஒரே நேரம்தான். இத்தனை சௌகரியங்கள் இருப்பதால், முதல் தடவை போகிறவர்கள் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு நகரங்களைக் கோக்கத் தொடங்குகிறார்கள். இங்கேதான் தொல்லை ஆரம்பமாகிறது.

1. ஒரு திட்டத்தைத் தணிக்கை செய்வோம்

பினாங்கில் பை, குடை, விளையாட்டுச் சாமான், துணி ஆகியவற்றைச் சில்லறையாகவும் மொத்தமாகவும் விற்கும் ஒரு வியாபாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு 13 நாள் அவரால் வெளியே இருக்க முடியும். அவர் எழுதும் பட்டியல் பெரும்பாலும் இப்படி இருக்கும்: குவாங்சௌ, ஃபோஷான், ஷென்சென், யீவூ, கேச்சியாவ், ஷாங்காய், பெய்ஜிங். நகரங்கள் ஏழு, நாட்கள் பதிமூன்று. ஒரு நகருக்கு ஏறத்தாழ இரண்டு நாள் வீதம் வருகிறதே, போதாதா என்று தோன்றும்.

கடைக் கணக்கில் மொத்த விற்பனையை நாம் லாபம் என்று எழுதுவதில்லை. வாடகை, சம்பளம், வண்டிச் சத்தம் எல்லாவற்றையும் கழித்த பிறகுதான் லாபத்தைப் பார்க்கிறோம். பிரயாண நாட்களையும் அவ்விதமே பார்க்க வேண்டும். பதிமூன்று என்பது மொத்த நாள். வேலைக்கு மிஞ்சும் நாள் எத்தனை?

போகும் நாள் ஒன்று, திரும்பும் நாள் ஒன்று, இரண்டையும் கழித்துவிடுங்கள். ஏழு நகரங்களுக்கு இடையே ஆறு தடவை இடம் மாற வேண்டும். ஷென்சென்னிலிருந்து யீவூவுக்கும், ஷாங்காயிலிருந்து பெய்ஜிங்குக்கும் மாறுவதற்கு ஒவ்வொரு நாள் முழுதாகப் போகும். மற்ற நான்கு மாற்றங்களும் கிட்டத்து ஊர்களுக்கு என்பதால் அரை நாள் வீதம் இரண்டு நாள். ஆகக் கழிவு 6 நாள். மிச்சம் 7 நாள். ஏழு நகரங்களுக்கு ஏழு நாள்! அதுவும் முழு நாட்களாக அல்ல. காலையில் ஒரு துண்டு, மாலையில் ஒரு துண்டாக வரும் நாட்கள். இடையில் வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு ஒதுக்கும் நேரமும், உடம்புக்கு முடியாமல் படுத்துவிட்டால் போகும் நேரமும் இதில் சேரவில்லை.

2. இடம் மாறும் நாள் எங்கே போகிறது?

“விமானம் இரண்டு மணி நேரந்தானே, அதற்கு ஒரு நாளா?” என்று கேட்கத் தோன்றும். குவாங்சௌவிலிருந்து யீவூ வான்வழியில் ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர். கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம்.

காலை 8 மணிக்குப் பெட்டி கட்டி, ஹோட்டல் கணக்கைத் தீர்க்க அரை மணி. விமான நிலையம் போய்ச் சேர ஒரு மணி. அங்கே முன்கூட்டி இருக்க வேண்டிய நேரம் இரண்டு மணி. பறப்பது இரண்டு மணி. இறங்கிப் பெட்டியை எடுத்து, வண்டி பிடித்து, ஜாகையில் பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிவு செய்து அறைக்குள் நுழைய ஒன்றரை மணி. ஆக ஏழு மணி நேரம். கடிகாரம் பிற்பகல் மூன்றைக் காட்டும். தொழுது, சாப்பிட்டு வெளியே வர நாலாகும். யீவூ சந்தை மாலை ஐந்து மணியளவில் கடைகளை அடைக்கத் தொடங்கிவிடும். இது எல்லாம் சரியாக நடந்தால் உள்ள கணக்கு. மழையோ மூடுபனியோ விமானத்தைத் தாமதப்படுத்தினால் அந்த நாலு மணியும் இல்லை.

அதிவேக ரயில் விமானத்தைவிட நல்லது. ஆனால் அதிலும் ரயில் ஓடும் நேரத்தை மட்டும் பார்க்கக் கூடாது. யீவூவிலிருந்து ஷாங்காய் ஒன்றரை மணி நேரம் என்பார்கள். பெட்டி கட்டுவது, நிலையம் போவது, பாஸ்போர்ட்டையும் சாமான்களையும் சோதிக்க முக்கால் மணி முன்னதாக நிற்பது, இறங்கிய பின் ஷாங்காயின் பெரிய நிலையத்திலிருந்து ஜாகைக்குப் போவது எல்லாம் சேர்ந்தால் நாலு மணிக்கு மேல் ஆகும். ஆகவே இந்த விதியை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்: கிட்டத்து ஊருக்கு ரயிலில் மாறினால் அரை நாள், விமானத்தில் மாறினால் ஒரு நாள்.

இன்னொரு விதியும் உண்டு. படுக்கையை மாற்றாமல் போய் வரக்கூடிய ஊர் தனி நகரம் அல்ல. ஃபோஷான் குவாங்சௌவுக்கு அடுத்த ஊர். 2010 முதல் இரண்டுக்கும் இடையே நகர ரயில் ஓடுகிறது. காலையில் போய் மாலையில் திரும்பலாம். அங்கே ஒரு ஜாகை, இங்கே ஒரு ஜாகை என்று பெட்டியை இழுக்க வேண்டிய அவசியமில்லை.

3. ஒரு நகரில் எத்தனை நாள்?

இந்தக் கேள்விக்கு வழிகாட்டிப் புத்தகத்தில் விடை இல்லை. சரக்குப் பிடிக்கும் முறையில்தான் விடை இருக்கிறது.

யீவூவின் சர்வதேச வர்த்தகச் சந்தையை எடுத்துக்கொள்வோம். அதில் சுமார் 75,000 கடைகள் உண்டு என்று கூறப்படுகிறது. ஒரு கடைக்கு மூன்று நிமிஷம் வீதம், நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் நடந்தால், ஒரு நாளில் 160 கடைகளைப் பார்க்கலாம். எல்லாவற்றையும் பார்த்து முடிக்க 469 நாள் ஆகும்! ஆகவே, “யீவூவைப் பார்த்து வருகிறேன்” என்பது நடவாத காரியம். “யீவூவில் குடை பார்த்து வருகிறேன்” என்பது நடக்கும். நல்ல வேளையாக, அந்தச் சந்தை சரக்கு வாரியாகப் பகுதி பகுதியாக அமைந்திருக்கிறது. விளையாட்டுச் சாமானும் செயற்கைப் பூவும் முதற்பகுதியில். பையும் குடையும் இரண்டாம் பகுதியில். காலுறையும் துவாலையும் நான்காம் பகுதியில். நமக்கு வேண்டிய சரக்கு இரண்டு அல்லது மூன்று வகை என்று புறப்படுமுன்பே எழுதிக்கொண்டால், நடக்க வேண்டிய கட்டடமும் இரண்டோ மூன்றோதான்.

அதன் பிறகு ஒவ்வொரு வகைச் சரக்குக்கும் நான்கு நடை உண்டு.

முதல் நடை, பார்ப்பது. விலை கேட்டுக் குறித்துக்கொள்வது. எதையும் வாங்காமல் இருப்பது.

இரண்டாம் நடை, ஒப்பிடுவது. இரவில் அறையில் உட்கார்ந்து குறிப்புகளைப் படித்து, இருபது கடைகளை ஐந்தாகக் குறைத்து, மறுநாள் அந்த ஐந்துக்கு மட்டும் போவது.

மூன்றாம் நடை, பேசுவது. ஐந்தில் இரண்டைத் தேர்ந்து, எத்தனை பெட்டி எடுத்தால் என்ன விலை, எத்தனை நாளில் தருவார்கள், மாதிரிக்கும் சரக்குக்கும் வித்தியாசம் வந்தால் யார் பொறுப்பு என்று தீர்ப்பது.

நான்காம் நடை, எழுதுவது. ஒப்புக்கொண்ட மாதிரியைக் கையில் வாங்கி, அளவு, நிறம், எண்ணிக்கை, பெட்டி அடையாளம் எல்லாவற்றையும் பட்டியலில் எழுதச் செய்து, பிறகே முன்பணம் கொடுப்பது.

இந்த நான்கையும் ஒரே நாளில் அடைக்க முடியாது. ஒரே நாள் தங்குகிறவர் முதல் நடையிலேயே நான்காவதையும் சேர்த்துச் செய்கிறார். அதாவது, பார்த்தவுடன் பணம் கொடுக்கிறார். மாலை நாலரை மணி. கடைக்காரர் அடைக்கத் தயாராகிறார். மறுநாள் காலை வேறு ஊருக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. இந்நிலையில் பேரம் யார் பக்கம் சாயும் என்று வியாபாரிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் கடையில் கப்பலுக்கு நேரமாகிவிட்ட வாடிக்கையாளர் நின்றால் நாம் விலையைக் குறைப்போமா?

அங்கே முன்பணம் சாதாரணமாக நூற்றுக்கு முப்பது என்று கேட்பார்கள். மிச்சத்தைச் சரக்கு ஏற்றுமுன் தர வேண்டும். நாற்பதாயிரம் வெள்ளிச் சரக்குக்கு பன்னிரண்டாயிரம் வெள்ளி முன்பணம். பிரயாணத்தில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கினால் அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் ஆகும். அவசரத்தில் கொடுத்த முன்பணத்துக்குப் பிறகு சாயம் போகும் குடையும் தையல் பிரியும் பையும் கண்டெய்னரில் வந்து இறங்கினால், அந்த நஷ்டம் எத்தனை நாள் வாடகைக்குச் சமம் என்று கணக்கிட்டுப் பாருங்கள். அந்தச் சரக்கு கிட்டங்கியில் ஆண்டுக்கணக்கில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். அதை வாங்கிப்போன வாடிக்கையாளரின் நம்பிக்கையோ எந்த விலை கொடுத்தாலும் திரும்பாது.

4. திருத்திய திட்டம்

மேற்படி பினாங்கு வியாபாரியின் அதே 13 நாட்களை இப்போது வேறு விதமாகப் பிரிப்போம். நகரங்கள் மூன்று: குவாங்சௌ, யீவூ, ஷாங்காய்.

திங்கள்: புறப்பாடு. மாலையில் குவாங்சௌ சேர்ந்து ஜாகை பிடிப்பது. கைத்தொலைபேசி, பணம் செலுத்தும் வழி, வரைபடம் மூன்றையும் சரிபார்ப்பது. நாம் இங்கே பழகிய வாட்ஸ்அப்பும் கூகிளும் அங்குள்ள உள்ளூர் இணையத்தில் வழக்கம்போல் கிடைக்கமாட்டா. அந்நாட்டார் பெரும்பாலும் தொலைபேசியிலேயே பணம் செலுத்துகிறார்கள். இந்த ஏற்பாடுகளுக்கு முதல் மாலை போய்விடும், போகட்டும். அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ள வேண்டாம்.

செவ்வாய், புதன், வியாழன்: சந்தை வேலை. இதில் ஒரு நாளில் வேண்டுமானால் ஃபோஷான் போய் வரலாம்.

வெள்ளி: காலையில் பட்டியல் எழுதுவது, நண்பகலில் ஜும்ஆ. குவாங்சௌ பழமையான பள்ளிவாசல்களை உடைய நகரம். ஹுவாய்ஷெங் பள்ளியின் விளக்குக் கோபுரம் பெயர் பெற்றது. மாலை ஓய்வு.

சனி: யீவூவுக்கு மாறுவது. வேறு வேலை எழுதக் கூடாது.

ஞாயிறு, திங்கள், செவ்வாய்: நான்கு நடைகளில் முதல் மூன்று.

புதன்: திட்டத்தில் ஒன்றும் எழுதாத நாள். நான்காம் நடை அன்று முடியும். ஏதேனும் தவறியிருந்தாலும் அன்று சரிப்படுத்தலாம்.

வியாழன்: ரயிலில் ஷாங்காய். பிற்பகலில் நகரைப் பார்ப்பது.

வெள்ளி: ஜும்ஆ, வீட்டாருக்குச் சாமான் வாங்குவது, கணக்கு எழுதி முடிப்பது.

சனி: ஷாங்காயிலிருந்தே நேராக வீடு திரும்புவது.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, வந்த வழியே திரும்பவில்லை. குவாங்சௌவில் இறங்கி ஷாங்காயில் ஏறுகிறோம். ஆகவே திரும்ப குவாங்சௌ போகும் ஒரு நாள் மிச்சம். டிக்கெட் வாங்கும்போதே ஏஜெண்டிடம் இப்படிக் கேட்க வேண்டும். மற்றொன்று, கழிவு நாட்கள் மூன்றரைதான்: போகவர இரண்டு, யீவூவுக்கு ஒன்று, ஷாங்காய்க்கு அரை. மிச்சம் ஒன்பதரை நாள் மூன்று நகரங்களுக்குக் கிடைக்கிறது. முன்னது ஏழுக்கு ஏழு; இது மூன்றுக்கு ஒன்பதரை.

துணி ஒன்றே பிரதானம் என்பவர்கள் யீவூவுக்குப் பதிலாக, ஷாவ்சிங் பகுதியிலுள்ள கேச்சியாவ் துணிச் சந்தையில் அந்த ஐந்து இரவுகளையும் தங்கலாம். இரண்டையும் ஒரே பிரயாணத்தில் திணிக்க வேண்டாம். பெய்ஜிங் நல்ல நகரம். ஆனால் நம் சரக்கு அங்கே இல்லை. ஷாங்காயிலிருந்து அதிவேக ரயில் 1,318 கிலோமீட்டர் ஓடித்தான் அங்கே சேரும். அதைக் குடும்பத்தோடு போகும் வேறொரு பிரயாணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

5. நாள் குறிக்கும்போது பார்க்க வேண்டியவை

சீனப் புத்தாண்டையொட்டிப் பல நாட்கள் சந்தையும் தொழிற்சாலைகளும் மூடிக் கிடக்கும். அக்டோபர் 1 முதல் வரும் தேசிய விடுமுறை வாரத்தில் ரயிலில் இடம் கிடைப்பது அரிது. இவ்விரு காலங்களையும் தவிர்க்க வேண்டும்.

1957ல் தொடங்கிய காண்டன் கண்காட்சி வசந்தத்தில் ஒரு முறையும் இலையுதிர் காலத்தில் ஒரு முறையும் குவாங்சௌவில் நடக்கிறது. ஒவ்வொரு முறையும் ஐந்தைந்து நாளாக மூன்று கட்டங்கள். கட்டத்துக்குக் கட்டம் சரக்கு வேறு. துணியும் ஆடையும் விளையாட்டுச் சாமானும் மூன்றாம் கட்டத்தில் வருவன. முதற்கட்டத்தில் போய் நின்றால் மின்சார, இயந்திரச் சரக்குகளைத்தான் பார்க்கலாம். அந்நாட்களில் அறை வாடகையும் ஏறிவிடும். கண்காட்சிக்கென்றே போகிறவர் கட்டத்தைப் பார்த்து நாள் குறிக்கட்டும். சந்தைக்கு மட்டும் போகிறவர் அந்நாட்களை விட்டுவிட்டுப் போகட்டும்.

உடம்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நம்மில் பலர் ஐம்பதைக் கடந்தவர்கள். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள். கடையில் உட்கார்ந்து பழகிய கால்கள் முதல் நாளே சந்தைத் தாழ்வாரங்களில் பல மைல் நடக்கும்போது இரண்டாம் நாள் வீங்கும். நடந்து பழகிய காலணி, மருந்து, வேளைக்குச் சாப்பாடு மூன்றும் முக்கியம். “சிங்ஜென்” என்ற சீனப் பலகையோ அரபியில் ஹலால் என்ற எழுத்தோ உள்ள உணவுக்கடையை ஒவ்வொரு ஊரிலும் ஜாகைக்கு அருகில் முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொண்டால், பசியோடு ஊர் சுற்றும் நேரம் மிச்சமாகும். ஓர் ஊரில் இத்தனை நாள் தங்குவது என்ற எண்ணம் கஸர் தொழுகையின் சட்டத்தையும் மாற்றும். அதைத் தத்தம் மத்ஹபின்படி ஆலிம்களிடம் புறப்படுமுன் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

6. முன்னோர் காட்டிய நிதானம்

தமிழ் வணிகர்கள் சீனத்துக்குப் போனது நேற்று இன்றல்ல. ஃபூஜியான் மாகாணத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அரபு நாட்டு வணிகர்களும் அதே துறைமுகத்தில் பள்ளிவாசல் கட்டி வாழ்ந்தார்கள். அவர்களுடைய பிரயாணத்தின் வேகத்தைக் காற்று நிர்ணயித்தது. தென்மேற்குப் பருவக் காற்றில் கிழக்கே போனவர்கள், வடகிழக்குப் பருவக் காற்று வீசும் வரை திரும்ப முடியாது. ஆகவே மாதக்கணக்கில் ஒரே துறைமுகத்தில் தங்கினார்கள். எந்தக் கடைக்காரர் நாணயமானவர், எந்தச் சரக்கு நிலைக்கும், யார் சொல்லை நம்பலாம் என்பதையெல்லாம் அந்தத் தங்கலில் தெரிந்துகொண்டார்கள்.

இன்று காற்றுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் மனிதரை அறிய வேண்டிய காலம் மட்டும் குறையவில்லை. இரண்டாம் தடவை கடைக்குள் நுழைகிறவரைத்தான் கடைக்காரர் வியாபாரியாக மதிக்கிறார். மூன்றாம் தடவை வருகிறவருக்கு ஒரு கோப்பைத் தேநீர் வைத்து உண்மை விலையைச் சொல்கிறார். இது நம் கடைகளிலும் வழக்கந்தானே! மூன்று நகரங்களில் மூன்று நாணயமான கடைகளைத் தெரிந்துகொண்டு திரும்புகிறவருக்கு, அடுத்த ஆண்டு பிரயாணம் பாதி முடிந்துவிட்டது என்றே சொல்லலாம்.

பயிற்சி

சிங்கப்பூர் வியாபாரி ஒருவருக்கு 9 நாள் இருக்கிறது. குவாங்சௌ, ஹாங்காங், யீவூ, ஷாங்காய் ஆகிய நான்கு நகரங்களுக்குப் போக விரும்புகிறார். குவாங்சௌவிலிருந்து ஹாங்காங் ரயிலில் கிட்டத்து ஊர். ஹாங்காங்கிலிருந்து யீவூவுக்கு விமானம். வேலைக்கு மிஞ்சும் நாள் எத்தனை? குவாங்சௌவும் யீவூவும் மட்டும் போதும் என்று முடிவு செய்தால் எத்தனை?

விடை: போகவர 2, ஹாங்காங்குக்கு அரை, யீவூவுக்கு 1, ஷாங்காய்க்கு அரை, ஆகக் கழிவு 4. மிச்சம் 5 நாள் நான்கு நகரங்களுக்கு. இரண்டு நகரங்கள் மட்டுமானால் கழிவு 3. மிச்சம் 6 நாள் இரண்டு நகரங்களுக்கு.

இதே முறையில் தங்கள் சொந்தத் திட்டத்தையும் ஒரு தாளில் எழுதிக் கழித்துப் பாருங்கள். ஒரு நகருக்கு மூன்று முழு நாளுக்குக் குறைவாக வந்தால், நாளைக் கூட்ட முயல்வதற்கு முன் ஒரு நகரை அடித்துவிடுங்கள். டிக்கெட் வாங்குவதற்கு முன் இந்தத் தாளை வீட்டாரிடமும், கடையைப் பார்த்துக்கொள்ளப் போகிறவரிடமும் காட்டுவது நல்லது. திரும்பி வந்தபின் தாங்கள் கண்ட விலையையும் விவரத்தையும் சங்கத்தில் மற்றச் சகோதரர்களுக்கு எடுத்துச் சொன்னால், அடுத்துப் போகிறவருக்கு ஒரு நாள் மிச்சமாகும்.